ஊராட்சியில் பெண்களுக்கு 50% ஒதுக்கீடு கொடுத்தும் கணவர்தானே ஆள்கிறார், அப்புறம் எதற்கு அது?

இதைக் கேட்ட நீங்கள் ஏதோ ஓர் ஊரில் தலைவரைத் தேடிப் போய், அவர் வீட்டுக்காரர் வந்து பேசியதைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டு உட்காரவைப்பது யார் என்று யாரும் கேட்பதில்லை.

நான் தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சியின் தலைவராக 2020 ஜனவரி முதல் ஐந்து வருடம் இருந்தவள். எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கு என்று அறிவித்ததும், தான் நிற்கத் தயாராக இருந்த என் வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஜெயித்து முதல் கூட்டத்துக்குப் போனால், "சார் வரலையா?" என்றுதான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் என் பெயருக்குச் சேர்த்திருந்ததும் அவர் நம்பர். ஆம்பளையும் ஆம்பளையும் பேசி முடித்துக்கொள்வது அவர்களுக்கு வசதி.

ஒருநாள் ஊராட்சிச் செயலர் தீர்மான நோட்டைக் கொண்டுவந்தார். மேலே நாலு தீர்மானம், அடியில் என் கையெழுத்துக்கு இடம், நடுவில் ஏழெட்டு வரி காலி. "போட்டுக் குடுங்கக்கா, அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், அப்புறம் எழுதிக்கிறேன்" என்றார். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான். நானும் குழு நோட்டு எழுதியவள். நூறு ரூபாய் சேமிப்புக் கணக்கில்கூட காலி வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாமல் பழகிய கை. அந்த வரிகளின் குறுக்கே பெரிய கோடாக இழுத்துவிட்டு, அதன் கீழே போட்டுக் கொடுத்தேன். அன்று ராத்திரி வீட்டில் சண்டை.

அதற்குப் பிறகு துணைத்தலைவர் காசோலையில் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும். கோடைக்காலம் வேறு. ஒகேனக்கல் தண்ணீர் சரியாக வராத தெருவில் போர்வெல் மோட்டார் காயில் கருகிவிட்டது. பழைய பாக்கியைத் தராமல் கைவைக்க மாட்டேன் என்றார் கடைக்காரர். பெண்கள் குடத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். செக் புக்கை எடுத்துக்கொண்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டு துணைத்தலைவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வைத்தே கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் தண்ணீர்ப் பிரச்சினைக்கு யாரும் என் வீட்டுக்காரரைத் தேடவில்லை.

உடனே சிலர் "எல்லாப் பெண்களும் உங்களை மாதிரியா?" என்று கிளம்புவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கடைசி வரை கையெழுத்து மட்டும் போட்ட தலைவிகளையும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரைக் குறை சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னாளில் என்னை ஒன்றிய அலுவலகத்தில் இறக்கிவிட்டு, வெளியே டீக்கடையில் காத்திருந்தவர் அவர்தான். ஆனால் 1993-ல் மூன்றில் ஒரு பங்கு என்று அரசியல் சட்டத்தில் வராமல், 2016-ல் தமிழ்நாட்டில் அது பாதியாக உயராமல் இருந்திருந்தால், அந்த நோட்டு என் கைக்கே வந்திருக்காது. ஒதுக்கீடு இல்லாத இடத்தைப் பாருங்கள்: 2021-ல் சட்டமன்றத்தின் 234 இடங்களில் ஜெயித்த பெண்கள் 12 பேர். அங்கே எந்தக் கணவர் தடுத்தார்? பெரிய கட்சிகள் பெண்களுக்குக் கொடுத்த சீட்டே குறைவு. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்க 2023-ல் கொண்டுவந்த சட்டத்தையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுவரையறை என்று கட்டிப்போட்டுத்தான் நிறைவேற்றினார்கள்.

இன்னொரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்களுக்கு முன்பு இருந்தவர்களின் பதவிக்காலம் 2016-ல் முடிந்தபோது 2019 டிசம்பர் வரை தேர்தலே வைக்கவில்லை. எங்களுக்கு 2025 ஜனவரி 5-ல் முடிந்தது, மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலரிடம் ஊராட்சியை ஒப்படைத்தார்கள். பல ஊராட்சிகளுக்கு அவர் ஒருவரே. தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட ஊர்ச்சனம் பஸ் பிடித்து ஒன்றிய அலுவலகம் போனார்கள். கணவர் ஆட்சி என்று வருத்தப்படுகிறவர்கள் அதற்கும் கொஞ்சம் வருத்தப்படலாம்.