காட்டரி புகை: ஆபரேஷன் தியேட்டர் ஆட்களின் கேள்விகளும் என் பதில்களும்

கோத்தகிரி, ஸ்டாஃப் நர்ஸ்: அக்கா, காட்டரி (மின்சூட்டால் திசுவை வெட்டி ரத்தத்தை அடைக்கும் கருவி) போடும்போது வரும் கருகல் வெறும் வாடைதானே? தலைக்குக் குளித்தாலும் முடியில் நிற்கிறது.

வெறும் வாடை என்றால் நானும் விட்டிருப்பேன். புகையில் சுமார் 95 சதவீதம் நீராவி, மிச்சம் இருக்கிற கொஞ்சம்தான் வம்பு: பென்சீன், ஃபார்மால்டிஹைடு, ஹைட்ரஜன் சயனைடு, கார்பன் மோனாக்சைடு, கூடவே கருகிய திசுத் துகள். காட்டரி கிளப்பும் துகள் சராசரியாக 0.07 மைக்ரான், நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். மருவை லேசரில் எரித்த புகையில் மருவை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.வையே கண்டுபிடித்திருக்கிறார்கள். தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சல் வந்தால் நாம் ஊட்டிக் குளிர்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம்.

குன்னூர்: சாதா மாஸ்க் இரண்டு போட்டால்?

பத்து போட்டாலும் ஓரத்தில் காற்று புகும். நம் எச்சில் நோயாளிமேல் படாமலிருக்கத்தான் அது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 துகளைத் தடுக்கும், தாடி இருந்தால் அதுவும் போச்சு. வாயுவை அது தடுக்காது.

கூடலூர், ஓ.டி. டெக்னீஷியன்: எவாகுவேட்டர் (புகையை இழுத்து வடிகட்டும் மெஷின்) வாங்க நிர்வாகம் இழுத்தடிக்கிறது. சுவர் சக்ஷன் போதுமா?

புகை கொஞ்சம் என்றால் ஒப்பேற்றலாம். சுவர் சக்ஷன் ரத்தமும் நீரும் இழுக்கச் செய்தது, காற்றை இழுக்கும் வேகம் குறைவு. சுவருக்கும் கேனிஸ்டருக்கும் (இழுத்தது சேரும் பாட்டில்) நடுவில் இன்லைன் ஃபில்டர் மாட்டாவிட்டால் அந்தப் பிசுக்கு எல்லாம் பைப்லைனுக்குள்தான் போகும். எதில் இழுத்தாலும் குழாயின் வாய் புகை கிளம்பும் இடத்திலிருந்து 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், கை சற்று விலகினாலும் புகை நேராக சர்ஜன் மூக்குக்குத்தான் போகும், அதனால் சக்ஷன் குழாய் சேர்ந்தே வரும் காட்டரி பென்சில் கிடைத்தால் அதைக் கேளுங்கள். பெரிய மார்பக ஆபரேஷன் மாதிரி மணிக்கணக்கில் புகை வரும் வேலைக்கு மெஷின்தான் வேண்டும்: துகளுக்கு உல்பா என்ற மிக நுண்ணிய ஃபில்டர், வாயுவுக்குக் கரி ஃபில்டர். ஃபில்டருக்கு ஆயுள் மணிக்கணக்கில் போட்டிருக்கும், அதைத் தாண்டி ஓட்டாதீர்கள், மாற்றும்போது கையுறை.

அதே ஊர்: ஏ.சி. இருக்கிறதே அக்கா?

ஸ்பிளிட் ஏ.சி.யா? அது அறைக்காற்றையே திருப்பித் திருப்பிச் சுற்றுகிறது. தியேட்டரில் மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும், அதில் 4 முறையாவது வெளிக்காற்று. நம் பக்கம் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்து ஹீட்டரும் போட்டுவிடுகிறோம், புகை எங்கே போகும்? அதற்காக ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள், தூசியும் பூச்சியும் வரும்.

ஊட்டி, நோயாளியின் மகன்: அம்மாவுக்குப் பித்தப்பை லேப்ராஸ்கோபி. புகை வயிற்றுக்குள்ளேயே தங்குமா மேடம்?

ஆபரேஷன் நடக்கும்போது தங்கும் தம்பி. கேமரா மங்கும், கார்பன் மோனாக்சைடு கொஞ்சம் ரத்தத்தில் சேரலாம். அவ்வப்போது போர்ட் (வயிற்றில் செருகிய குழாய்) வழியாக வெளியேற்றுவார்கள், இதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். தியேட்டர்காரர்களுக்கு ஒன்று: அந்தப் போர்ட்டின் வால்வைச் சும்மா திறந்தால் முகத்தில் பீய்ச்சியடிக்கும், ஃபில்டர் மாட்டித் திறங்கள், முடிவில் போர்ட்டை உருவும் முன்பும் அப்படியே.

குன்னூர்: மெஷின் சத்தம் என்று சார் அணைக்கச் சொல்கிறார்.

காட்டரி பெடலை மிதித்தால் மட்டும் ஓடுகிற ஆட்டோ இணைப்பு பல மாடல்களில் உண்டு, கம்பெனி ஆளிடம் கேட்டு மாட்டிவிடுங்கள். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் 2018-லேயே புகையை இப்படி இழுத்து வெளியேற்றுவதைச் சட்டமாக்கிவிட்டது என்றும் சாரிடம் சொல்லிப் பாருங்கள்.