நித்தியகல்யாணி இலைச்சாறும் வின்கிரிஸ்டின் ஊசியும் ஒன்றா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் என்று சொல்லி சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். வாரம் ஒரு முறை வின்கிரிஸ்டின் ஊசி. இதுவரை மூன்று போட்டாயிற்று. முதல் ஊசிக்கு அடுத்த நாள் தாடை வலிக்கிறது என்று அழுதான். இப்போது மலம் கழிக்கச் சிரமப்படுகிறான், நடக்கும்போது கால் தடுக்குகிறது. இந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது என்று என் மாமனார் படித்திருக்கிறார். ஊசியை நிறுத்திவிட்டு அந்த இலையை அரைத்துச் சாறாகக் கொடுத்தால் பக்கவிளைவு இல்லாமல் அதே பலன் கிடைக்கும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஊசிக்குப் பதிலாகவும் வேண்டாம், ஊசியோடு சேர்த்தும் வேண்டாம். ஆனால் உங்கள் மாமனார் படித்தது பொய் இல்லை. வின்கிரிஸ்டின் அந்தச் செடியில் இருக்கும் பொருள்தான். பேரனைப் பற்றிய கவலையில் அவர் கேட்கும் கேள்விக்கு 'அதெல்லாம் மூடநம்பிக்கை' என்று பதில் சொல்வது நியாயமில்லை. அதனால் விரிவாகவே சொல்கிறேன், அவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

1950களில் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துக்கு ஜமைக்காவிலிருந்து இந்த இலைகள் வந்து சேர்ந்தன. ஜமைக்காவில் அதை நீரிழிவுக்குக் குடித்துவந்தார்கள். ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய் வழியே கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை அளவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அதையே ஊசியாக ஏற்றியபோது எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றால் செத்துப்போயின. காரணம் தேடியபோது, ரத்த வெள்ளணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. வெள்ளணுக்களை இப்படிக் குறைக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு உதவுமே என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் 1958-ல் இதே செடியிலுள்ள இன்னொரு மருந்தான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். அதே காலத்தில் எலை லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இந்தச் செடியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வின்கிரிஸ்டின் அங்கிருந்து வந்தது. 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆக, இலைச்சாற்றை வாயில் கொடுத்துப் பார்ப்பதில்தான் இந்தக் கதையே தொடங்கியது. அந்த வழியில் மருந்து கிடைக்கவில்லை.

ஏன் என்பதற்கு இலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நித்தியகல்யாணியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள், அதாவது செடி உருவாக்கும் நைட்ரஜன் கலந்த வேதிப்பொருள்கள், இருக்கின்றன. அவற்றில் வின்டோலின், கேதரந்தின் என்ற இரண்டு ஓரளவு தாராளமாகக் கிடைக்கும். செடி இவை இரண்டையும் இணைத்து, வின்பிளாஸ்டின் வகைப் பெரிய மூலக்கூறுகளை மிகச் சிறிய அளவில் உருவாக்குகிறது. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை தேவைப்படும். வின்பிளாஸ்டினுக்கும் வின்கிரிஸ்டினுக்கும் உள்ள வித்தியாசமோ மிகக் கொஞ்சம்: ஒரு நைட்ரஜன் அணுவின் மேல் முன்னதில் மெத்தில் தொகுதி, பின்னதில் ஃபார்மைல் தொகுதி. அதாவது இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் போய் ஓர் ஆக்சிஜன் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் உடம்பில் இரண்டும் வேறு வேறு மருந்து. வின்பிளாஸ்டின் முக்கியமாக எலும்பு மஜ்ஜையை அடக்கும்; வின்கிரிஸ்டின் மஜ்ஜையை அந்த அளவு தொடுவதில்லை, நரம்புகளைத்தான் பாதிக்கும். ஓர் ஆக்சிஜன் அணுவுக்கே இவ்வளவு மாற்றம் என்றால், நூறு பொருள்கள் கலந்த சாற்றில் எது எவ்வளவு உள்ளே போகிறது என்று யார் கணக்குச் சொல்ல முடியும்? அவற்றில் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவையும் இருக்கின்றன.

மகனுக்குப் போடும் அளவைப் பாருங்கள். குழந்தைகளுக்கு உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று கணக்கிடுவது வழக்கம். 6 வயதுப் பிள்ளைக்கு அது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேலே வரும். எவ்வளவு பெரிய உடம்பாக இருந்தாலும் பொதுவாக ஒரு முறைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. கல்லீரல் சரியாக வேலை செய்யாவிட்டால், மருந்து வெளியேறத் தாமதமாகும் என்பதால் இன்னும் குறைப்பார்கள். குணப்படுத்தும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே அவ்வளவு குறுகலான இடம்தான் இருக்கிறது. போதாததற்கு, வாய் வழியே போனால் வின்கிரிஸ்டின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. சாறு குடித்தால் புற்றணுவுக்குப் போதாமலும் போகலாம், மற்ற ஆல்கலாய்டுகளால் உடம்பு கெடவும் செய்யலாம். தொற்றை எதிர்க்கும் சக்தி குறைந்திருக்கும் குழந்தைக்குப் பச்சை இலையிலிருக்கும் கிருமிகளே ஆபத்து.

சரி, பக்கவிளைவுக்கு வருவோம். மருந்து வேலை செய்யும் விதமும் பக்கவிளைவும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. நம் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் (செல்) ட்யூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள் உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கயிறுகள் இவைதான். வின்கிரிஸ்டின் ட்யூபுலினைப் பிடித்துக்கொண்டு நுண்குழல் உருவாகவிடாமல் செய்கிறது. பிரிய ஆரம்பித்த உயிரணு பாதியில் நின்று சாகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் லுகேமியா அணுக்கள் இதில் அதிகமாக மாட்டுகின்றன. ஆனால் பிரியாத நரம்பணுவுக்கும் நுண்குழல் வேண்டும். நரம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சத்துகள் அதன் வழியேதான் போகின்றன. நீளமான நரம்புகள் முதலில் திணறும். அதனால்தான் பாதத்தில் மரத்துப்போதல், பாதம் தொங்கிக் கால் தடுக்குதல். குடலை அசைக்கும் நரம்புகளும் சோர்வதால் மலச்சிக்கல். தாடை வலியும் இதே மருந்தால் வருவதுதான். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு ஊசிகளோடு அடங்கிவிடும். பயப்பட வேண்டாம்.

இதற்காக ஊசியை நிறுத்தலாமா என்றால், நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். 1960களுக்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகளில் அநேகமாக யாரும் பிழைத்ததில்லை. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது பேர் வரை குணமாகிறார்கள். வின்கிரிஸ்டின் தனியாக இதைச் சாதிக்கவில்லை. ஸ்டீராய்டு, அஸ்பராஜினேஸ், மெத்தோட்ரெக்ஸேட் எல்லாம் சேர்ந்த கூட்டு சிகிச்சை அது. ஆனாலும் தொடக்கக் கட்டத்தில் வின்கிரிஸ்டின் அதன் முதுகெலும்பு.

நிறுத்தாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மலச்சிக்கலை 'கீமோ என்றால் இப்படித்தான்' என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். லாக்டுலோஸ் போன்ற மலமிளக்கியை இப்போதே கேட்டு வாங்கி, தினமும் கொடுங்கள். ஆசனவாய் வழியாக எனிமாவோ மாத்திரையோ நீங்களாக வைக்கக் கூடாது, அங்கே சிறு கீறல் விழுந்தாலும் தொற்று ரத்தத்துக்குப் போய்விடும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுக்கூடப் பிரியவில்லை என்றால் குடல் அசைவு நின்றிருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலும் அப்படியே. கால் தடுக்குவதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். குதிகாலில் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், பிசியோதெரபி தருவார்கள், தேவைப்பட்டால் கணுக்காலுக்குத் தாங்கி தருவார்கள், பாதிப்பு கடுமையானால் அளவை மாற்றுவார்கள். சிகிச்சை முடிந்த பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறும்; சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது பரம்பரை நரம்பு நோய் உண்டா என்று யோசியுங்கள். ஷார்கோ-மேரி-டூத் என்ற நோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து நரம்பை மிக மோசமாகத் தாக்கும். அப்புறம், இட்ராகோனசோல், வோரிகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள் வின்கிரிஸ்டின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து அதன் நச்சைக் கூட்டிவிடும். வேறு எந்த மருத்துவர் எந்த மாத்திரை எழுதினாலும் கீமோ தரும் குழுவிடம் கேட்காமல் தராதீர்கள்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. உங்கள் மகனுக்கு முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியும் போடுவார்கள். வின்கிரிஸ்டின் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக மட்டுமே போக வேண்டிய மருந்து. தவறி முதுகுத்தண்டில் போனால் அநேகமாக உயிர் பிழைப்பதில்லை. உலகில் இந்தத் தவறு பல முறை நடந்திருக்கிறது. அதனால்தான் அதைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறிய திரவப் பையில் கலந்து ஏற்றச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவுறுத்தியது. பையை முதுகு ஊசியோடு குழப்ப வழியில்லை. இரண்டு மருந்தும் ஒரே நாளில் வந்தால், 'வின்கிரிஸ்டின் எது, எப்படிப் போடுகிறீர்கள்?' என்று கேளுங்கள். நல்ல செவிலியர் யாரும் கோபப்பட மாட்டார். ஏற்றும்போது ஊசி போட்ட இடம் எரிகிறது என்று மகன் சொன்னால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கும்.

ஒருவேளை வீட்டில் ஏற்கெனவே இலைச்சாறு கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள், எவ்வளவு என்று தெரிந்தால் ரத்த அணுக்கள், கல்லீரல், சோடியம் அளவுகளைப் பார்த்துவிட்டு ஊசியைத் தொடர்வார்கள். மாமனாரையும் ஒருநாள் மருத்துவரிடம் அழைத்துப் போய், அவர் கேட்க நினைப்பதை நேரில் கேட்கச் சொல்லுங்கள்.