காட்டுச் செடியின் சாற்றை ஆய்வகத்தில் ஏன் பல திரவங்களில் எடுத்துச் சோதிக்கிறார்கள்?

செடியில் உள்ள பொருள்களைத் தண்ணீர், ஆல்கஹால், ஈதர் போன்ற திரவத்தில் இறக்கி எடுப்பதுதான் இங்கே சாறு. எல்லாப் பொருளும் எல்லாத் திரவத்திலும் கரையாது. மஞ்சள்தூள் தண்ணீரில் அடியில் தங்கிவிடும். சூடான எண்ணெயில் போட்டால் நிறம் நன்றாக இறங்கும்.

சூடும் முக்கியம். சீனாவில் விஞ்ஞானி டூ யூயூவின் குழுவினர் மலேரியாவுக்காக மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றைச் சோதித்தபோது, கொதிக்கவைத்த சாறு கைகொடுக்கவில்லை. சூடே மருந்தைக் கெடுத்திருந்தது. 1971-ல், சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் எடுத்தார்கள். அப்படி எடுத்த 191-ஆம் மாதிரி எலிகளின் மலேரியாக் கிருமியை அடியோடு ஒழித்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015-ல் டூ யூயூவுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எத்தனை உயிர்களைக் காத்த மருந்து!

ஆய்வகத் தட்டில் கிருமி செத்தாலே மருந்து தயார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அந்தச் சாறு நம் உடம்பின் செல்களையும் கொல்லுமா, எந்த அளவு பாதுகாப்பானது என்பதெல்லாம் அப்புறம்தான் சோதிக்கப்படும்.