ஷேடோலேண்ட்ஸ் என்ற வீடியோ கேமை விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஏன் திட்டினார்கள்?

இரு தரப்பும் பார்த்தது வேறு வேறு ஆட்டம் என்றுதான் சொல்வேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் ஆட்டத்தின் இந்த விரிவாக்கம் 2020 நவம்பரில் வந்தது. முதல் நாளே 37 லட்சம் பிரதிகள் விற்றன. விமர்சகர்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களை வைத்து எழுதினார்கள். ஆட்டத்தில் வரும் ஆர்டன்வீல்டு காட்டின் அழகு கண்ணைப் பறித்த நேரம் அது.

ஆட்டக்காரர்களோ மாதக்கணக்கில் அதற்குள்ளேயே கிடந்தார்கள். தனித்தனிச் சக்தி தரும் கவனன்ட்டு என்ற நான்கு அணிகளில் ஒன்றில்தான் சேர முடியும். கதைக்காகப் பிடித்ததில் சேர்ந்தால், சண்டையில் பலம் குறையலாம். விட்டுவந்த அணிக்கே திரும்ப வேண்டுமானால் இரண்டு வாரம் பரிகாரம் வேறு! அடுத்த பெரிய அப்டேட்டான 9.1 வரவே ஏழு மாதம் ஆனது. அதற்கும் பிறகு வந்த 9.1.5 அப்டேட்டில்தான் அணி மாறும் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். அதற்குள் பலர் போட்டி ஆட்டமான ஃபைனல் ஃபேன்டஸி 14 பக்கம் போய்விட்டிருந்தார்கள்.