ரிப்போர்ட் கிடக்கட்டும், எடை எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 66. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போன வருடம் தவறிவிட்டார், தனியாக இருக்கிறேன். மகன் என் எச்சிலை எடுத்து அனுப்பிச் செய்த சோதனையில் ‘உயிரியல் வயது 74’ என்று வந்திருக்கிறது. சின்ன வயதில் பட்டினி கிடந்தால் அது மரபணுவிலேயே பதிந்து பேரப்பிள்ளைகள் வரை போகும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். நாங்கள் ஒருவேளைக் கஞ்சியில் வளர்ந்தவர்கள். முடி கொட்டுகிறது, முட்டி சத்தம் போடுகிறது, பெயர்கள் மறக்கின்றன, நாலைந்து மாதமாக ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. வயதைக் குறைக்கும் என்பதால் இரவுச் சாப்பாட்டை விட்டிருக்கிறேன். மகன் வாங்கித் தந்த இளமை மாத்திரையும் சாப்பிடுகிறேன். என் பேத்திக்கும் இது வருமா?

பதில்: பேத்தியை நினைத்துப் பயப்படாதீர்கள் அம்மா. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது ஒரு முறை, கரு தரித்த சில நாட்களில் இன்னொரு முறை, இந்தப் பதிவுகளில் பெரும்பகுதி அழிந்து புதிதாக அமைகிறது. பாட்டியின் பட்டினி அதையும் தாண்டிப் பேத்தியிடம் போகிறது என்பதற்கு மனிதரில் உறுதியான சான்று கிடையாது. அவள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, பள்ளிக்கூடம் போனால் போதும்.

யூடியூப்காரர் சொன்னதில் பாதி உண்மை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தைத் தடுத்ததால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது கருவில் உருவானவர்களை ஏறக்குறைய 60 வருடம் கழித்துச் சோதித்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 என்ற மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் துணுக்குகள், அவர்களுடைய கூடப்பிறந்தவர்களைவிட அவர்களுக்குக் குறைவாக இருந்தன. 2008இல் வெளியான ஆய்வு இது. மரபணு மாறவில்லை, அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும் பதிவுதான் மாறியிருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. பஞ்சத்தின்போது கருவின் கடைசி மாதங்களில் இருந்தவர்களிடம் அது தென்படவே இல்லை. யூடியூப்பில் இதையெல்லாம் சொல்ல நேரமிருக்காது!

இந்தப் பதிவுகள் அழியாத தலையெழுத்தும் அல்ல. புகைபிடிப்பவர் ரத்தத்தில் தெரியும் இத்தகைய மாற்றங்களில் பலவும், அவர் அதை நிறுத்தினால் வருடங்கள் போகப் போகக் குறைகின்றன.

அந்த 74? ஸ்டீவ் ஹார்வாத் என்ற விஞ்ஞானி 2013இல், மரபணுத் தொகுதியில் 353 இடங்களில் உள்ள இந்த மெத்தில் பதிவுகளைப் பார்த்து வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். பல பேரைக் கூட்டமாக வைத்து ஒப்பிட இது நல்ல கருவி. வறுமையிலும் தனிமையிலும் கழிந்த வாழ்க்கை எப்படி உடம்பில் படிகிறது என்று ஆராய்பவர்களுக்கு உதவுகிறது. தனி ஒருவருக்கு ஜாதகம் கணிக்க அல்ல. சில கணிப்பு முறைகளில் ஒரே மாதிரியை இரண்டு தடவை ஓட்டினாலே சில வருடங்கள் முன்பின்னாக வரும். காசு கொடுத்துக் கவலை வாங்கியிருக்கிறீர்கள்.

முடி, முட்டி இரண்டையும் விடுங்கள். முட்டியில் வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் சத்தம் என்றால் ஒன்றுமில்லை. மறந்த பெயர் கொஞ்ச நேரம் கழித்து ஞாபகத்துக்கு வந்தால் அதுவும் சாதாரணம்தான்.

ஜாக்கெட் தொளதொளத்ததை மட்டும் என்னால் விட முடியவில்லை. கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு முக்கியம் அதுதான். இந்த வயதில் தானாக எடை குறைவது முதுமை அல்ல. 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே, அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆனாலே, காரணம் தேட வேண்டும். சர்க்கரையாக இருக்கலாம், தைராய்டு, காசநோய், புற்றுநோய், பல் கோளாறு, ஏற்கெனவே சாப்பிடும் ஏதாவது மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். கணவர் போன துக்கம் மனச்சோர்வாக முற்றியிருக்கலாம். ஒருத்திக்காக எதற்கு உலை வைப்பது என்று மத்தியான மோர் சாதத்தோடு நிறுத்திக்கொள்ளும் பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதற்காகத் தனிமைதான் காரணம் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள், முதலில் சோதனை.

இரவுச் சாப்பாட்டை இன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள். உணவைக் குறைத்தால் முதுமை சற்று மெதுவாகிறது என்று காட்டிய அமெரிக்க ஆய்வில் சேர்ந்தவர்கள் 50 வயதுக்கு மேற்படாத ஆரோக்கியமானவர்கள். அவர்களுக்கே 2 வருடத்தில் கிடைத்த பலன் 2, 3 சதவீதம். எடை இறங்கிக்கொண்டிருக்கும் 66 வயதுக்காரர் அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டால் தசைதான் கரையும். தினமும் முட்டையோ பருப்போ சுண்டலோ இருக்கட்டும். பக்கத்து வீட்டில் யாராவது தனியாக இருந்தால் ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2010இல் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உறவும் நட்பும் நன்றாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது.

இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடை பாருங்கள். பழைய சீட்டு, நோட்டு எதிலாவது போன வருட எடை இருந்தால் கையோடு கொண்டு போங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்த அளவு, மார்பு எக்ஸ்ரே, இவற்றில் ஆரம்பிப்பார்கள். மலத்தில் ரத்தம், விழுங்கச் சிரமம், 2 வாரத்துக்கு மேல் இருமல் இவற்றில் ஏதாவது இருந்தால் நாளைக்கே போக வேண்டும். இளமை மாத்திரையை நிறுத்திவிட்டு டப்பாவையும் எடுத்துப் போங்கள், அதில் என்ன இருக்கிறது என்று அந்த டாக்டரும் பார்க்கட்டும்.