பழைய சீட்டிலேயே மாத்திரை வாங்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றுக்கும் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். ஓராண்டுக்கு முன் மருத்துவர் எழுதித் தந்த சீட்டைக் காட்டியே இன்றுவரை வாங்கி வருகிறோம். ஒவ்வொரு மாத்திரையும் ஒவ்வொரு நாளில் தீர்வதால் மருந்துக்கடைக்கு அடிக்கடி அலைய வேண்டியிருக்கிறது. சில முறை வேறு நிறுவனத்தின் மாத்திரையைத் தருகிறார்கள். இப்படியே தொடரலாமா?

பதில்: அலைச்சலைக் குறைக்க வழி இருக்கிறது. அதைவிடக் கவலைக்குரியது அந்தப் பழைய சீட்டுதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொடர்ந்து சாப்பிடுங்கள் என்று மருத்துவர் சொல்வதில், இடையிடையே வந்து காட்டுங்கள் என்பதும் அடக்கம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து பாதம் மரத்துப்போகும். வீட்டிலோ அதைச் சர்க்கரையின் கைவரிசை என்றே நினைத்துக்கொள்வார்கள். ராமிப்ரில், லோசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவருக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் திறனைக் காட்டுவது), பொட்டாசியம் அளவுகளை அவ்வப்போது பார்க்க வேண்டும்; சிறுநீரகத்தின் திறன் குறைந்திருந்தால் மெட்ஃபார்மினின் அளவையும் குறைக்கவோ நிறுத்தவோ நேரிடும். ஓராண்டுக்கு முந்தைய சீட்டுக்கு இவையெதுவும் தெரியாது. எனவே தந்தையை உடனே ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். புதிய சீட்டில் அடுத்த பரிசோதனைக்கான தேதியையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.

அப்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மூட்டுவலிக்கென்று தாமாகவே வாங்கிய ஐபுப்ரோஃபென், சத்து மாத்திரை, மூலிகை மருந்து என எதையும் விட்டுவிட வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையோடு சிறுநீர் பிரியும் மாத்திரையும் எடுக்கும் முதியவர் அவற்றுடன் ஐபுப்ரோஃபெனையும் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். இவை எல்லாவற்றையும் மருந்துக்கடையிலுள்ள மருந்தாளுநரிடமும் காட்டுங்கள். இரண்டு மூன்று மருத்துவர்களின் சீட்டுகளை ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் அவருக்குத்தான் கிடைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால்தான் அது நடக்கும்.

இனி நிறுவனம் மாறுவதைப் பற்றி. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் சிறிய எழுத்தில் இருக்கும். அவை இரண்டும் சீட்டோடு ஒத்துப்போனால் பெரும்பாலான மருந்துகளில் நிறுவனம் மாறுவதால் பாதகமில்லை. தைராய்டுக்கான லெவோதைராக்சின் அப்படியல்ல. அளவில் சிறு வேறுபாடும் அதில் பலனை மாற்றிவிடும் என்பதால் ஒரே நிறுவனத்தின் மாத்திரையைத் தொடர்வது நல்லது. மாற்ற நேர்ந்தால் மருத்துவரிடம் தெரிவித்து, 6 முதல் 8 வாரங்கள் கழித்து டி.எஸ்.எச். என்னும் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வலிப்பு மருந்துகளுக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினுக்கும் இதே எச்சரிக்கை தேவை. நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றை: பழைய அட்டையில் மீதமிருப்பதையும் புதிய பெயரில் வந்ததையும் வெவ்வேறு மருந்துகள் என்று எண்ணி முதியவர்கள் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுவதுண்டு. புதிய பெயர் வீட்டுக்குள் வந்தவுடன் பழைய அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அலைச்சலுக்குக் காரணம் அட்டையின் கணக்குதான். நாளுக்கு ஒன்று வீதம் 10 மாத்திரை அட்டை 10 நாள் வரும்; நாளுக்கு இரண்டு வீதம் 15 மாத்திரை அட்டை ஏழரை நாளில் தீர்ந்துவிடும். வீட்டிலிருக்கும் ஒவ்வொன்றையும் எண்ணிக் கையோடு எழுதிச் சென்றால், குறைவாக இருப்பவற்றை மட்டும் தேவையான எண்ணிக்கையில் தந்து, எல்லாம் ஒரே நாளில் தீரும்படி மருந்தாளுநரே சரிசெய்து தருவார். அதன்பின் ஒரு வார மருந்து கையில் இருக்கும்போதே மொத்தமாக வாங்கிவிடலாம்.

கேள்வி: இதய நோய்க்கான அட்டெனலால் தீர்ந்து இரண்டு நாளாகிறது. மருத்துவர் வெளியூர் சென்றிருக்கிறார். அவர் வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. இந்த வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம், மாரடைப்பும் நேரலாம். பழைய சீட்டையும் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றே மருந்தாளுநரைப் பாருங்கள். அவசரத்துக்குச் சில நாளுக்கான மாத்திரை தர அங்குள்ள விதி இடம் தராவிட்டால், வேறொரு மருத்துவரையோ அருகிலுள்ள மருத்துவமனையையோ நாடுங்கள். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரட்டிப்பாக விழுங்கிவிடாதீர்கள். நெஞ்சில் வலியோ மூச்சுத்திணறலோ ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருந்துக்கடைக்குப் போகாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.