அம்மைக்கு ஒரு வாரம் லீவு விட்டால் போதுமா?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். மொத்தம் 64 பிள்ளைகள். இரண்டு வாரத்துக்கு முன் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சின்னம்மை போட்டது. இந்த வாரம் அதே வகுப்பில் இன்னும் நாலு பேருக்கு. ஒரு வாரம் பள்ளியை மூடச் சொல்லிப் பெற்றோரில் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். மீதிப் பேர், ‘நாங்கள் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?’ என்கிறார்கள். எங்கள் ஆசிரியை ஒருவர் ஐந்து மாதக் கர்ப்பிணி வேறு. நாளை மறுநாள் பெற்றோர் கூட்டம். என்ன முடிவெடுப்பது?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: டீச்சர், கூட்டம் அப்புறம். முதலில் அந்தக் கர்ப்பிணி ஆசிரியையைக் கவனியுங்கள். சின்ன வயதில் அம்மை போட்டிருந்ததா என்று அவருடைய அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள். போட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ‘இல்லை’, ‘ஞாபகம் இல்லை’ என்றால் இன்றே மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும். எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் சில நாட்களுக்குள் போட வேண்டிய ஊசி உண்டு, அதனால் தள்ளிப்போட வேண்டாம். அதுவரை அவர் பள்ளிக்கு வர வேண்டாம்.

சரி, மூடுவதா? வேண்டாம் என்பேன்.

சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். சின்னம்மை தொற்றினால் கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பிள்ளை மற்றவர்களுக்குப் பரப்ப ஆரம்பித்துவிடும். இந்த நாலு பேரிடமிருந்து போன வெள்ளிக்கிழமை யாருக்காவது தொற்றியிருந்தால், நீங்கள் விடும் ஒரு வார லீவில் அந்தப் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். தெருவில் பம்பரம் விடும். லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகுதான் அதற்கு அம்மை போடும். மூடுவதென்றால் மூன்று வாரம் மூட வேண்டும், அந்த மூன்று வாரமும் பிள்ளைகள் ஒன்றாக விளையாடக் கூடாது. நடக்கிற காரியமா? அதற்குள் காலை உணவும் மதியச் சத்துணவும் போய்விடும்.

ஃப்ளூ என்றால் கணக்கு வேறு. அது ஒன்றிலிருந்து நாலு நாளுக்குள் வெளியே தெரிந்துவிடும். 2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் பரவியபோது புதுச்சேரியில் 8-ம் வகுப்பு வரை 16-ம் தேதியிலிருந்து 26-ம் தேதி வரை மூடினார்கள். தமிழ்நாட்டில் மூடவில்லை. எது சரி என்று இன்றும் வாதாடலாம், ஆனால் அந்த நோய்க்குப் பத்து நாள் லீவு என்பதில் ஓர் அர்த்தமாவது இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நிபா வந்தபோது கோழிக்கோடு மாவட்டத்தில் மூடினார்கள். அது உயிரை எடுக்கும் நோய், கேள்வியே இல்லை. கொரோனாவுக்கு 2020 மார்ச்சில் மூடிய நம் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. அப்புறம் வந்த பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வைக்க என்ன பாடுபட்டீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மை போட்ட பிள்ளை வீட்டில் இருக்கட்டும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டினால் வரலாம், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தட்டிவிடும். மூன்று தண்ணீர் ஊற்றி, பொருக்கெல்லாம் உதிரும்வரை காத்திருக்கும் வீடுகளும் உண்டு. மருத்துவப்படி அவ்வளவு தேவையில்லை, ஆனால் அவர்களிடம் மல்லுக்கட்ட வேண்டாம். வேப்பிலை செருகட்டும். காய்ச்சல் குறையாவிட்டால், மூச்சு வாங்கினால், ‘அம்மா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது.

மூன்று வாரத்துக்குக் காலையில் வகுப்புக்குள் விடும் முன் வயிறு, முதுகு, முடியோரம் பார்த்துவிடுங்கள். தண்ணீர்ச் சொட்டு போல ஒரு கொப்புளம் இருந்தாலும் வீட்டுக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். மூடுவதை எப்படியும் நீங்கள் தனியாக முடிவு செய்ய முடியாது.

கூட்டத்தில் ‘மூடலாமா?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், யார் கைக்குழந்தை வைத்திருக்கிறார்கள், யாருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது?’ என்று கேளுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டு, தினமும் அவர்களை முதலில் பாருங்கள்.